விர்ச்சுவல் மெஷினில் இணையம் வரவில்லையா? உபுண்டுவை அழிக்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணா, லேப்டாப்பில் இணையம் நன்றாக வருகிறது, விர்ச்சுவல் பாக்ஸுக்குள் இருக்கும் உபுண்டுவில் மட்டும் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் போடட்டுமா?" விர்ச்சுவல் பாக்ஸ் என்பது லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள். உபுண்டு அதற்குள் போடும் இயங்குதளம். தயவுசெய்து அழிக்காதீர்கள். பெரும்பாலும் பழுது உபுண்டுவில் இருப்பதில்லை. வெளியே போகும் வழியில் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் விர்ச்சுவல் பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் 'கேபிள் கனெக்டெட்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே என்ன செய்தாலும் பலன் கிடைக்காது.

இப்போது திரையைப் பாருங்கள். உபுண்டுவில் கட்டளை தட்டும் டெர்மினலில் 'ஐபி ஏ' (ip a) என்று தட்டுகிறேன். 10.0.2.15 என்று முகவரி வந்திருக்கிறது. நாட் (NAT), அதாவது லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே போகும் முறையில், விர்ச்சுவல் பாக்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் முகவரி இதுதான். அடுத்து வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2-ஐ பிங் செய்கிறேன், அதாவது பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன், பதில் வருகிறது. அதற்கடுத்து இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8, அதுவும் வருகிறது. ஆனால் ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் நிற்கிறது. அப்படியென்றால் பாதை சரி. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்தான் சிக்கல்.

இது எப்படி வருகிறது என்பதை நன்றாகக் கவனியுங்கள். லேப்டாப் பயன்படுத்தும் டிஎன்எஸ் முகவரியையே விர்ச்சுவல் பாக்ஸ் உள்ளே கொடுக்கிறது. கல்லூரி வைஃபையில் வேலை செய்துவிட்டு, மெஷினை அணைக்காமல் அப்படியே சேமித்து மூடுகிறீர்கள். இரவு வீட்டில் திறந்தால், உபுண்டு இன்னமும் கல்லூரியின் டிஎன்எஸ்ஸையே தேடிக்கொண்டிருக்கலாம். உபுண்டுவில் நெட்வொர்க்கை ஒருமுறை துண்டித்து இணைத்தால் புதிய விவரம் வந்துவிடும். இதற்காகவா முழுவதையும் அழிப்பது?

புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி ஒருவர் 'பிரிட்ஜ்டு' முறைக்கு மாற்றிய பிறகு முகவரியே கிடைக்கவில்லை என்கிறார். அந்த முறையில் உங்கள் மெஷின் தனிக் கணினியாக ரூட்டரிடம் நேரடியாக முகவரி கேட்கிறது. கேபிள் இணைப்பில் இது சுலபமாக நடக்கும். வைஃபை அடாப்டர்கள் பலவற்றில் தகராறு செய்யும். ஒரு மாணவருக்கு ஒரு சாதனம் என்று கட்டுப்படுத்தும் இடங்களில் சுத்தமாக நடக்காது. தம்பி, வெளியே போக மட்டும்தான் இணையம் வேண்டுமென்றால் நாட் முறைக்கே திரும்பிவிடுங்கள்.

நாட் முறையில் ஒரு குறை உண்டு. மாடியில் குடியிருப்பவர் வீட்டுக்காரர் பெயரிலேயே கடிதம் போடுவதைப் போன்றது அது. பதில் வந்து சேரும், ஆனால் வெளியிலிருந்து யாரும் மாடிக்காரரை நேராகக் கூப்பிட முடியாது. அதனால்தான் லேப்டாப்பிலிருந்து உபுண்டுவுக்குள் நுழைய எஸ்எஸ்எச் (SSH) போட்டால் இணைவதில்லை. அதற்கு 'போர்ட் ஃபார்வர்டிங்' போட வேண்டும்: லேப்டாப்பின் 2222-ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாசல் எண்) வருவதை உபுண்டுவின் 22-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் விதி. அல்லது இரண்டாவது அடாப்டராக, லேப்டாப்போடு நேராகப் பேசும் 'ஹோஸ்ட்-ஒன்லி' சேர்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக விதி எழுத வேண்டியதில்லை.

இரண்டு மெஷின்கள் நாட் முறையில் ஓடினால் இரண்டுக்கும் 10.0.2.15 என்றே காட்டும். பயப்பட வேண்டாம், அவை தனித்தனி நெட்வொர்க்குகள். ஒன்றையொன்று பார்க்க வேண்டுமென்றால் 'நாட் நெட்வொர்க்' என்ற வேறொரு முறை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கேயும் ஒரே முகவரி வந்தால், உபுண்டு சர்வரை குளோன் செய்திருப்பீர்கள், அதாவது நகல் எடுத்திருப்பீர்கள். புதிய மேக் முகவரி (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) கொடுத்திருந்தாலும் 'மெஷின்-ஐடி' (/etc/machine-id) கோப்பு அப்படியே நகலாகியிருக்கும். முகவரி வழங்கும் டிஹெச்சிபி அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. குளோனில் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறேன். பாருங்கள், ஒன்றுக்கு 10.0.2.4, மற்றதற்கு 10.0.2.5. பிங் செய்கிறேன், பதில் வருகிறது.