வராமல் போன வினாத்தாள்கள்: புற்றுநோய்க்குப் பிந்தைய வாழ்வை அளப்பது

அவையோருக்கு வணக்கம்.

சிகிச்சை பலன் தந்ததா என்று கேட்டால் ஸ்கேன் படத்தைக் காட்டுகிறோம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்தைச் சொல்கிறோம். மாடிப்படி ஏற முடிகிறதா, சட்டைப் பொத்தானை மாட்ட விரல் வளைகிறதா, பழைய வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்பவை அந்தக் கணக்கில் இல்லை. இவற்றையும் எண்ணாக்கலாம். அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் அதிகம் புழங்குவது 1993இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கியூ.எல்.கியூ. சி30 வினாத்தாள். 30 கேள்விகள், பெரும்பாலானவை கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. 28 கேள்விகளுக்கு 1 முதல் 4 வரை பதில்; கடைசி இரண்டுக்கு 1 முதல் 7 வரை. சோர்வுக்கு மூன்று கேள்விகள் உண்டு. ஒருவர் 2, 3, 3 என்று குறித்தால் சராசரி 2.67. அதில் 1 கழித்து, 3ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 56. ஒரு பதில் விடுபட்டால் மற்ற இரண்டின் சராசரியே போதும்; இரண்டு விடுபட்டால் மதிப்பெண் போடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. நடப்பது, வேலை செய்வது போன்ற செயல்திறன் பகுதிகளில் 100 என்றால் நலம். சோர்வு, வலி போன்ற பகுதிகளில் 100 என்றால் படுமோசம். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் முடிவு தலைகீழாகிவிடும். பொதுவாக 10 புள்ளி மாறினால்தான் நோயாளியே வித்தியாசத்தை உணர்கிறார் என்று கொள்கிறோம். பெரிய ஆய்வில் 2 புள்ளி மாற்றம்கூடப் புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். அதை முன்னேற்றம் என்று அறிவிப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இதைவிடப் பெரிய பள்ளம் வராத தாள்களில் இருக்கிறது. 200 பேரில் 120 பேர்தான் ஆறாம் மாதத் தாளைத் திருப்பித் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 120 பேரின் செயல்திறன் சராசரி உயர்ந்திருக்கும். மகிழ்ச்சி அடைய அதில் ஒன்றுமில்லை. நோய் திரும்பியவர்கள், எழுந்து உட்கார முடியாதவர்கள், மனம் ஒடிந்தவர்கள் பெரும்பாலும் மற்ற 80 பேரில்தான் இருப்பார்கள். ஆகவே தாள் வராத அன்றே காரணத்தைக் குறித்துவையுங்கள்: உடல்நிலையா, முகவரி மாற்றமா, விருப்பமின்மையா. தொலைபேசியில் கேள்விகளை அப்படியே வாசித்துப் பதில் வாங்கலாம். வாங்கிய முறையையும் பதிவு செய்யுங்கள். வீட்டார் பதிலை நோயாளியின் பதிலாக எழுத வேண்டாம். நோயாளி சொல்வதைவிட மோசமாக, அதுவும் மனநிலை பற்றிய கேள்விகளில், அவர்கள் மதிப்பிடும் போக்கு உண்டு. கடைசியாக, வராதவர்களின் முந்தைய மதிப்பெண்ணை வந்தவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தச் சராசரியைத் தனியாக வெளியிடாதீர்கள்.

காலமும் முக்கியம். சிகிச்சைக்கு முன் ஒரு தாள் வாங்காவிட்டால், பின்னால் வரும் 56 என்ற சோர்வு மதிப்பெண் கீமோவால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல வழியில்லை. ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்தால் வரும் கை கால் மரத்துப்போதல், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் கூடக்கூடும். கடைசி கீமோ நாளோடு கேள்வியை நிறுத்தினால் அந்தத் துன்பம் எந்த ஏட்டிலும் ஏறாது. மனிதர் தம் அளவுகோலையே மாற்றிக்கொள்வதும் உண்டு: உடல் அப்படியே இருக்க, 'பரவாயில்லை' என்பதன் பொருள் இறங்கிவிடும். அதனால் எத்தனை நிமிடம் நடக்கிறார், எத்தனை மணி நேரம் படுக்கையில் இருக்கிறார் என்பதையும் கூடவே கேளுங்கள்.

அளந்த பின்? சோர்வுக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல. வாரம் மூன்று முறை, 30 நிமிடம், மிதமான வேகத்தில் உடற்பயிற்சி, குறைந்தது 12 வாரம்: 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் பரிந்துரை இது. அதற்கு முன் ரத்தசோகை, தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

2017இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவர் ஈத்தன் பாஷ் குழு வெளியிட்ட முடிவு இந்தத் துறையையே நிமிர வைத்தது. நோய் பரவிய நிலையில் கீமோ பெற்ற 766 பேரில் ஒரு பிரிவினர் தம் தொந்தரவுகளை இணையம் வழியே தாங்களே பதிந்தார்கள். ஏதேனும் முற்றினால் செவிலியருக்கு எச்சரிக்கை போனது. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. அங்கே பதிலைப் பார்க்க ஒருவர் இருந்தார். நீங்கள் தொடங்கும் ஆய்விலும், எந்தப் பதிலுக்கு யார், எத்தனை மணி நேரத்தில் நோயாளியை அழைப்பார் என்பதை முதல் தாள் கொடுக்கும் முன்பே எழுதிவையுங்கள்.