ஏரி மேல ஓடுற ஹைவே! நம்ம மேட்டூர்லயும் ஒண்ணு இருக்குங்க

வணக்கம் மக்களே! ஒரு ரோடு, கடை வீடு சிக்னல் எல்லாத்தையும் தாண்டி நேரா வந்து ஒரு ஏரிக்கரையில முடியுது. இல்ல, முடியல, அதான் விஷயமே. அதே ரோடு, அதே நம்பரோட, சுமார் 97 கிலோமீட்டர் தண்ணி மேலயே போயி அந்தக் கரையில திரும்ப ரோடா கிளம்புது. பாலம் கிடையாது. நம்ம சேலத்துல இருந்து கரூர் போற தூரம் மொத்தமும் தண்ணின்னு வச்சுக்கங்க. இது அமெரிக்காவுல, மிச்சிகன் ஏரியில. ரோட்டுப் பேரு யு.எஸ். 10, வண்டிகளை ஏத்திக்கிட்டு கப்பல் போற வழியையே 2015ல ஹைவேல சேர்த்துட்டாங்க. ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதோட தங்கச்சி ஒண்ணு நம்ம சேலம் மாவட்டத்துலயே இருக்கு.

[ஸ்க்ரீன்ல மிச்சிகன் ஏரி மேப்]

ஏரின்னு சொன்ன உடனே ஏற்காடு ஞாபகம் வந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மே மாசக் கூட்டத்துல க்யூல நின்னு, பெடல் போட்ல முட்டி வலிக்க வலிக்க மிதிச்சு நடு ஏரிக்குப் போறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு வாங்கன்னு கூப்புடுவாங்கல்ல, அந்தக் கணக்கை வச்சு இதைப் பார்க்காதீங்க. மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடே 1,30,000 தான். கிட்டத்தட்ட பாதித் தமிழ்நாட்டைத் தண்ணில முக்கி வச்ச மாதிரி. அலை அடிக்கும், அந்தக் கரை தெரியாது, ஆனா அள்ளி வாயில ஊத்துனா உப்பு இருக்காது.

குளிர்காலத்துல கரையோரம் ஐஸ் கட்டிரும், போட்டையெல்லாம் மேல தூக்கி வச்சுருவாங்க. அதனால மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தான் அங்க சீசன். சொந்த போட்ல குடும்பத்தோட கிளம்பி, ஒரு துறைமுக ஊர்ல ராத்திரி தங்கி, காலையில அடுத்த ஊருக்குப் போறது தான் அவங்களுக்கு கோடை லீவு. சௌத் ஹேவன், ஹாலண்ட், கிராண்ட் ஹேவன், லடிங்டன்னு கரையோரமா வரிசையா ஊரு. ராத்திரி போட்டைக் கட்டுற இடத்துக்கு மரினான்னு பேரு. சுண்டல் கிடைக்காது, இது போட்டுக்கான ஸ்டாண்டு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னா, மிச்சிகன் மாநிலம் 1947ல இதுக்குன்னே ஒரு கமிஷன் போட்டு, கரையோரம் எங்க போனாலும் 15 மைலுக்குள்ள ஒரு துறைமுகம் இருக்கணும், காத்து மழைன்னு வந்தா ஓடி ஒதுங்கணும்னு பிளான் பண்ணி கட்டிக்கிட்டே வந்திருக்காங்க. பைபாஸ்ல டீக்கடை மாதிரி. ஷார்ல்வாய்னு ஒரு ஊர்ல போட்டு போறதுக்காக அரை மணிக்கு ஒருக்கா பாலத்தையே தூக்குவாங்க, கார்க்காரங்க எல்லாம் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நம்ம ரயில்வே கேட்டுல நிக்கிற மாதிரி நிப்பாங்க.

அந்த ஹைவே கப்பல் பேரு பேட்ஜர். 1953ல இருந்து ஓடுது, 600 பேர், 180 வண்டி ஏத்தும், லடிங்டன்ல இருந்து எதுத்த கரை மானிடோவாக் போக 4 மணி நேரம், இன்னிக்கும் நிலக்கரியில தான் ஓடுது. மேட்டூர் தெர்மல்காரங்க பார்த்தா சொந்தக்காரன்னு கட்டிப் பிடிச்சுக்குவாங்க.

சரி, இப்போ தங்கச்சி.

[கோட்டையூர் துறை, பைக் ஏத்துற வீடியோ]

கொளத்தூர் தாண்டி கோட்டையூர். ரோடு நேரா வந்து மேட்டூர் அணைத் தண்ணியில இறங்குது. எதுத்த கரை ஒட்டனூர், அது தர்மபுரி மாவட்டம். இதே மாதிரி பண்ணவாடியில இருந்து நாகமரை. பைக், மூட்டை, ஸ்கூல் பசங்க எல்லாம் படகுல தான். ரோட்டுல சுத்திப் போனா பெட்ரோலும் பாதி நாளும் காலி. பாலம் கட்டுங்கன்னு கேட்டுக் கேட்டு அந்த ஜனங்களுக்கு வாயே வலிச்சிருச்சு.

எங்க மாமா ஊரு அந்தப் பக்கம் தான். போன தடவை மழைக்காலத்துல போனப்போ ரோடு முடியிற இடத்துலயே படகு நின்னுச்சு. அதே நினைப்புல சித்திரையில போறேன், படகையும் காணோம், தண்ணியையும் காணோம். வெடிச்ச சேத்துல பைக்கை உருட்டிக்கிட்டே போறேன், போறேன், வழியில ஏரிக்குள்ள சோளம் போட்டிருக்காங்க! ஒருவழியா படகைப் பிடிச்சு, "அண்ணா, துறை எங்கண்ணா போச்சு?"ன்னு கேட்டேன். "தண்ணி எங்க இருக்குதோ அங்கதான் தம்பி துறை. நேத்து அங்க இருந்துச்சு, நாளைக்கு இன்னும் உள்ள போயிரும்"னாரு.

இதைக் கொஞ்சம் யோசிங்க. மிச்சிகன் ஏரியில நூறு வருஷத்துக்கும் மேல அளந்து வச்சதுல அதிகபட்ச மட்டத்துக்கும் குறைஞ்சபட்ச மட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 6 அடி தான். அதனால துறைமுகம் வச்ச இடத்துல இருக்கு, அதைச் சுத்தி ஓட்டல் வருது, ஐஸ்கிரீம் கடை வருது. நம்ம மேட்டூர் 2024 ஜூலை ஆரம்பத்துல 40 அடி பக்கத்துல கிடந்துச்சு, அதே ஜூலை முடியறதுக்குள்ள 120 அடி, ஃபுல்லு! ஒரே மாசத்துல 80 அடி. இந்த ஏரியில மரினா கட்டுனா அதுக்கு சக்கரம் வச்சுத் தான் கட்டணும்.

அதனால அவங்களுக்கு கோடைன்னா ஏரி திறக்குற காலம், நமக்கு ஏரி உள்வாங்குற காலம். ஆனா உள்வாங்கும்போது தாங்க நம்மூர்ல ஷோவே ஆரம்பம். 1934ல அணை திறந்தப்போ பழைய பண்ணவாடி தண்ணிக்குள்ள போயிருச்சு, ஜனங்க மேட்டுக்கு வந்துட்டாங்க, கோயிலும் சர்ச்சும் அங்கேயே நின்னுருச்சு. நீர்மட்டம் 80 அடிக்குக் கீழ வர ஆரம்பிச்சா முதல்ல சர்ச்சோட இரட்டைக் கோபுரம் தலை காட்டும். இன்னும் இறங்குனா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி எந்திரிச்சு வரும், முதல்ல தலை, அப்புறம் கழுத்து, அப்புறம் முழு உடம்பு. ஜலகண்டேஸ்வரர்னு பேரு வச்சவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சோ என்னவோ! கார் எடுத்துக்கிட்டு குடும்பம் குடும்பமா வந்து பார்ப்பாங்க. நந்தி முழுசா தெரியுதுன்னா செல்ஃபிக்கு சந்தோஷம், டெல்டா விவசாயிக்கு வயித்துல புளி. நானும் செல்ஃபி எடுத்தவன் தான், மறைக்க மாட்டேன்.

போறவங்களுக்கு ஒண்ணு, லைஃப் ஜாக்கெட் குடுத்தா வாங்கிப் போடுங்க, போட்டோல தொப்பை தெரியுதுன்னு கழட்டாதீங்க. சேறு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஆள் நடந்த தடத்துலயே நடங்க.

அப்புறம் கொளத்தூர், மேச்சேரி, ஏரியூர் பக்கத்து ஆளுங்க யாராவது பார்த்தா கமெண்ட்ல போடுங்க, நீங்க கடைசியா கோட்டையூர் துறையில படகு ஏறுனப்போ துறை எங்க இருந்துச்சு, எந்த மாசம், ரோட்டுல இருந்து எவ்ளோ நேரம் நடந்தீங்க? நாலஞ்சு பேர் சொன்னா மேப்ல புள்ளி வச்சு, மாசா மாசம் துறை எப்படி நடந்து போகுதுன்னு அடுத்த வீடியோல போட்டுரலாம்.