குதிரையின் காலடியில் ஒரு பித்தளை வில்லை

வணக்கம் நேயர்களே.

என்னை அழைத்தவர்கள், இசையும் விஞ்ஞானமும் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போடுவது பொழுதுபோக்கு. அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்குகிற தோள் எனக்கு இல்லை. ஒரு வீணையைப் பழுதாக்கி, பிறகு அதே வீணையை ஊருக்குக் கேட்கவைத்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அக்காவின் மகள் வீணை படிக்கிறாள். சில வருடங்களுக்கு முன் இங்கே மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் ஒரு கோயிலில் நவராத்திரிக்கு வாசிக்க வைத்தார்கள். சவுண்ட்ஸ்காரத் தம்பி ஒரு மைக்கைக் கொண்டுவந்து வீணைக் குடத்துக்கு முன்னால் நிறுத்தினார். மிருதங்கம் கேட்டது, வெளியே நின்ற ஜெனரேற்றர் கேட்டது, முன்வரிசைக் குழந்தை அழுதது கேட்டது. வீணை கேட்கவில்லை. தம்பி சத்தத்தைக் கூட்டினார். 'ஊ...' என்று ஒரு கூவல். மைக்குக்குள் போன சத்தம் ஸ்பீக்கரால் வெளியே வந்து, மறுபடி அதே மைக்குக்குள் போய், சுற்றிச் சுற்றிப் பெருத்தால் வருகிற கூவல் அது. தம்பியைக் குறை சொல்ல முடியாது. வீணை மெல்லிய குரல்காரி. மைக்கோ காற்றில் வருகிற எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் கேட்கும்.

அப்படியானால் காற்றைக் கேட்காமல் மரத்தை மட்டும் கேட்கிற ஒரு காது வேண்டும். இது நம் ஊருக்குப் புதிய யோசனை இல்லை. நம் வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? நிலவு நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அரசாங்க அதிகாரியும், தோணியின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் பெருத்துக் கேட்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். காற்றில் கேட்காதது மரத்தின் வழியாகக் கேட்கிறது. நான் வீணைக்கு வாங்கியதும் அப்படி ஒரு துடுப்புத்தான். வட்டமாக, நாணயம் போல இருந்தது.

அதன் பெயர் பீசோ வில்லை. எலக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, அலார மணிக்கூடு இவற்றுக்குள் 'பீப்' சத்தம் போடுவது இதுதான். மெல்லிய பித்தளைத் தகடு, அதன் நடுவில் வெள்ளி பூசிய பீங்கான் பொட்டு. பொதுவாகக் கிடைப்பது 27 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. மின்சாரம் கொடுத்தால் வளைந்து சத்தம் போடும். அதுவே வளைத்தால் மின்சாரம் கொடுக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள், ஜாக்கும் பியரும், கண்டுபிடித்தார்கள். சமையலறையில் 'டிக்' என்று காஸ் அடுப்பு பற்றவைக்கிறீர்களே, அந்த லைட்டருக்குள் பொறி வருவதும் இதே வித்தையால்தான்.

சரி, வாங்கியாயிற்று. அடுத்து நான் செய்த இரண்டு பிழைகள்.

முதல் பிழை சுப்பர் குளூ. இறுக்கமாக ஒட்டினால்தான் நன்றாகக் கேட்கும் என்று நினைத்து, குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டைக்கு, பக்கத்தில் பலகையில் வைத்து ஒட்டிவிட்டேன். இடம் சரியில்லை என்று தெரிந்து கழற்றியபோது வில்லையோடு பொலிஷும் சேர்ந்து வந்தது. அக்கா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அந்த வடு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

இரண்டாவது பிழையைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சத்தங்களைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டிதான் மிக்ஸர். வில்லையின் வயரை நேராக அதன் லைன் துவாரத்தில் செருகினேன். சத்தம் வந்தது, ஆனால் கீச்சுக் கீச்சென்று. மருமகள் ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது வீணை இல்ல, நுளம்பு" என்றாள். நானும் வில்லை மலிவு, அதனால் தரமில்லை என்று முடிவுகட்டி அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். ஒரு வருடம் அங்கேயே கிடந்தது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, செருகிய இடம்தான் பிழை.

இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் இடுக்குகளால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவசரமாகக் குடிப்பவனுக்கு நாலு மிடறு கிடைக்கும். ஆறுதலாகக் குடிப்பவனுக்கு வெறும் கைதான் மிஞ்சும். வில்லை வளையும்போது அதில் சேருகிற மின்னேற்றம் அந்தக் கைத்தண்ணீர் போல மிகக் கொஞ்சம். அதைச் செருகுகிற துவாரத்தின் மின்தடை குறைவாக இருந்தால் விரல் இடுக்கு அகலம் என்று அர்த்தம். கீச்சுச் சுரங்கள் விரைவாக அதிர்வதால் ஒழுகுவதற்குள் தப்பிவிடுகின்றன. கனத்த சுரங்கள் மெதுவாக அதிர்வதால் அவற்றின் ஏற்றம் பாதி வழியிலேயே ஒழுகிப் போகிறது.

கணக்கு என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். யாழ் நரம்புகளுக்கே கணக்குப் போட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு நமக்குப் பக்கத்து ஊர். 27 மில்லிமீற்றர் வில்லையின் கொள்ளளவம், அதாவது கை கொள்ளும் தண்ணீரின் அளவு, ஏறத்தாழ 20 நானோபரட். லைன் துவாரத்தின் தடை பல மிக்ஸர்களில் 10,000 ஓம் அளவுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 800 ஹேர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 800 அதிர்வுக்கு, கீழே உள்ள எல்லாம் தேயத் தொடங்கும். வீணையின் முதல் தந்தியான சாரணி 150 ஹேர்ட்ஸ் பக்கம் ஒலிக்கிறது என்று வைத்தால், கனத்த தந்திகளில் மந்தரம் 75, அனுமந்தரம் இன்னும் கீழே. அதாவது நான்கு வாசிப்புத் தந்திகளின் அடிச்சுரமும் அந்தத் துவாரத்தில் ஒழுகிவிட்டது. மருமகள் கேட்டது மிச்சம். அதே வில்லையை 10 இலட்சம் ஓம் தடையுள்ள துவாரத்தில் செருகினால் தேய்வு 8 ஹேர்ட்ஸில்தான் தொடங்கும். மனிதக் காதுக்கே எட்டாத ஆழம் அது.

அந்த 10 இலட்சம் ஓம் துவாரம் எங்கே இருக்கிறது? கிற்றார் அம்ப்ளிஃபயரில் இருக்கிறது. கிற்றார்காரர்கள் காலால் மிதிக்கும் பெடல்கள் பலவற்றில் இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒரு பழைய பெடல் சும்மா கிடந்தால் வில்லையை முதலில் அதில் செருகி, அங்கிருந்து மிக்ஸருக்குக் கொண்டுபோங்கள். ஒரு சதமும் செலவில்லாமல் விடயம் முடிந்துவிடலாம். நான் ஃபெட் என்கிற வகை டிரான்சிஸ்டர் ஒன்று, மூன்று ரெசிஸ்டர், இரண்டு கப்பாசிற்றர், ஒரு 9 வோல்ட் பற்றரி வைத்து மாவுப் பேணி மூடி அளவில் ஒரு சிறு பெட்டி செய்தேன். அது சத்தத்தைப் பெருக்குவதில்லை. வில்லையிடம் கொஞ்சமாக வாங்கி, மிக்ஸருக்குத் தாராளமாகக் கொடுக்கும், அவ்வளவுதான். கையில் காசு கொஞ்சம் இருந்தால் விலை கூடிய வில்லை தேடாதீர்கள். இந்தப் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

இனி, வில்லையை எங்கே வைப்பது. இதைப் புத்தகம் சொல்லாது, உங்கள் காதுதான் சொல்லும். சுப்பர் குளூவை மறந்துவிட்டு, சுவரில் படம் ஒட்டுகிற அந்த மெத்தென்ற புளூ டாக், அல்லது தேன்மெழுகு ஒரு பொட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் அரை அங்குலம் அரை அங்குலமாக வில்லையை நகர்த்திக் கேட்க வேண்டும். வீணையில் குதிரையின் காலடியை ஒட்டிய பலகையில் தொடங்குங்கள். குதிரைக்கு மிக நெருங்கினால் மீட்டுகிற நகச் சத்தம் முன்னுக்கு வரும், விலகினால் குடத்தின் கனம் கூடும். எங்கள் வீணையில் நல்ல இடம் மந்தரத் தந்திப் பக்கம் இரண்டு விரல் தள்ளி அகப்பட்டது. உங்கள் வீணையில் வேறு இடமாக இருக்கும். மரத்துக்கு மரம் மாறும்.

வயலின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குதிரையின் மேலேயே வில்லையை ஒட்ட ஆசை வரும். ஆனால் மேல்நாட்டு வாத்தியக்காரர்கள் வயலின் ஒலியை அடக்க வேண்டும் என்றே குதிரையின் தலையில் ஒரு சிறு கட்டையைச் செருகுவார்கள், மியூட் என்று பெயர். அந்த இடத்தில் எந்தப் பாரம் ஏறினாலும் அதே வேலையைத்தான் செய்யும். வயலினுக்குச் சிறிய வில்லையாக எடுத்து, குதிரைக் காலுக்குப் பக்கத்தில் மேற்பலகையில் வையுங்கள். வில்லை சிறுத்தால் அதன் கொள்ளளவமும் சிறுக்கும். அப்போது நான் சொன்ன பெட்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

வில்லையில் வயர் பற்றவைக்கும்போது சோல்டரிங் அயனை வெள்ளிப் பொட்டில் இரண்டு செக்கனுக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்துவிடும், கூடச் சூடானால் பீங்கான் தன் குணத்தையே இழந்துவிடும். வயர் பற்றவைத்தே விற்கிறார்கள், கை நடுங்குகிறவர்கள் அதை வாங்கலாம். வயர் மெல்லிய சோடி வயராக இருந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். சுற்றிலும் வலை போட்ட மைக் வயர் வேண்டும். வலை பித்தளைக்கு, உள்வயர் பொட்டுக்கு. அப்படியும் இரைந்தால் பீங்கான் பக்கம் முழுக்க, நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸை இரண்டு தடவை பூசிக் காயவிட்டு, அதன்மேல் சொக்கலேட் சுற்றி வருகிற ஈயத்தாளை மூடி, தாளின் ஓரத்தைப் பித்தளையோடு தொடவிடுங்கள். மருமகளின் சிவப்புக் கியூடெக்ஸ் அரைப் போத்தல் எனக்கு இப்படிப் போனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வில்லை கேட்பது மரத்துக்குள் நடப்பதை. சபையில் இருக்கும் நம் காது கேட்பது குடத்திலிருந்து காற்றில் விரிவதை. இரண்டும் ஒன்றாகாது. கம்பியின் கூர்மை கொஞ்சம் தூக்கலாக வரும், மிக்ஸரில் கீச்சைச் சற்றுக் குறைக்க வேண்டும். சின்ன மண்டபம் என்றால் வில்லையோடு ஒரு மைக்கையும் மெதுவாகத் திறந்து கலந்துவிடுவது என் பழக்கம். சத்தத்தை மிகக் கூட்டினால் வில்லையும் ஊளையிடும். ஸ்பீக்கரின் சத்தம் குடத்தை அதிரவைக்கும், குடம் வில்லையை அதிரவைக்கும். ஸ்பீக்கர் வீணைக்கு முதுகுப் பக்கம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேற்றரில் ஓடுகிற மேடை என்றால் தொடங்க முன் ஏர்த் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர்த் பிழையாக இருந்தால், வயர் நுனியில் உள்ள ஜாக்கின் உலோகத்தைத் தொட்ட கையோடு மைக்கைத் தொட்டாலும் மின்சாரம் அடிக்கலாம். வில்லையின் மின்சாரம் குறைவானதுதான், அதோடு கோத்த மிக்ஸர் அப்படி இல்லை.

பேச்சு போதும். வீட்டில் பதிந்து கொண்டுவந்த இரண்டு துண்டுகளை நிலையத்தார் போடுவார்கள். முதலாவது, வில்லை நேராக லைன் துவாரத்தில். மருமகள் நுளம்பு என்றது சரியா என்று நீங்களே கேளுங்கள்.

(முதல் ஒலிப்பதிவு)

அடுத்தது அதே வீணை, அதே வில்லை, அதே இடம், நடுவில் அந்தப் பெட்டி மட்டும். மந்தரத் தந்தியைக் கவனியுங்கள். இடையில் இரண்டு முறை 'டக்' என்று கேட்கும். அது தாளம் இல்லை, அவளுடைய வளையல் பலகையில் பட்டது. வில்லை அதையும் விடாது. இப்போதெல்லாம் வாசிக்க உட்காருமுன் வளையலைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

(இரண்டாவது ஒலிப்பதிவு)