ஏணியில் ஏறுவதற்கு முன்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பினாங்கிலும் செபராங் பிறையிலும் முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்துவருகிறேன். அதில் கடந்த எட்டு ஆண்டுகளாகச் சிறிய குத்தகையாளர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வகுப்பும் எடுக்கிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விளக்குகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எந்த விளக்கு வாங்கலாம் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை மாட்டுகிறவரைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவினர் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணே, இரண்டு வருடத்துக்கு முன்னால் நடைபாதை விளக்குகளை எல்லாம் எல்இடிக்கு மாற்றினோம். 240 குழல்கள். பாதிக் கட்டணம் குறையும் என்றார்கள். கொஞ்சம்தான் குறைந்தது. இப்போது குழல்களும் ஒவ்வொன்றாக அணைந்துபோகின்றன," என்றார் செயலாளர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். குடியிருப்போர் கட்டிய பணம் அல்லவா?

நான் போனபோது காலை பத்தரை மணி. வெயில் சுள்ளென்று நடைபாதைக்குள் அடிக்கிறது. மேலே வரிசையாக எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கின்றன. "பகலில் ஏன் எரிகிறது?" என்று கேட்டேன். "எல்இடிதானே அண்ணே, அதற்கு என்ன பெரிய செலவு?" என்றார் அவர்.

ஏணியை எடுக்கவில்லை. நேராகத் தரைத்தளத்தில் இருந்த மின்பெட்டி அறைக்குப் போய், விளக்குகளுக்கான டைமரைத் திறந்து பார்த்தேன். டைமரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சிவப்பு வயர்த் துண்டு ஒன்று வளைந்து கிடந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. புதுக் குழல்களை மாட்டியவர்கள் பகலில் சோதித்துப் பார்ப்பதற்காக டைமரைத் தாண்டி மின்சாரம் போக அந்தத் துண்டை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாக அந்த 240 விளக்குகளும் இரவு பகலாக எரிந்திருக்கின்றன.

கணக்கைப் பொறுமையாகச் சொல்கிறேன். பழைய நான்கடிக் குழல் விளக்கு 36 வாட். சோக் தின்பதையும் சேர்த்தால் சுமார் 45 வாட். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 540 வாட் மணி. புதிய எல்இடி குழல் 18 வாட். அதே 12 மணி நேரத்துக்கு 216 வாட் மணிதான். அறுபது விழுக்காடு மிச்சம். ஆனால் 24 மணி நேரம் எரிந்தால் 432. அறுபது விழுக்காடு, இருபது விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. 240 குழல்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 52 யூனிட் வீண். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட 19,000 ரிங்கிட். ஒரு சிவப்பு வயர்த் துண்டுக்கு அந்தக் குடியிருப்பு கொடுத்த விலை அது.

குழல்கள் ஏன் சீக்கிரம் போயின என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. இரண்டு ஆண்டுகள் நிற்காமல் எரிந்தால் 17,520 மணி நேரம். அதுவும் காற்றே புகாத பிளாஸ்டிக் மூடிக்குள். எல்இடியில் ஒளி தரும் சில்லு எளிதில் கெடாது. அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் டிரைவர்தான் முதலில் போகும். அதற்குள் இருக்கும் மின்தேக்கிக்கு வெப்பம் ஆகாது. பத்துப் பாகை வெப்பம் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. நம் ஊர் வெயிலில், கூரைக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் அது எப்படி வெந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆயுள் காற்றோட்டமான இடத்துக்குச் சொன்னது.

அந்த வேலையைச் செய்தவர்கள் இரண்டு இளைஞர்கள் என்று தெரிந்துகொண்டேன். திருட்டு வேலை செய்தவர்கள் அல்லர். வயர் இணைப்புகள் சுத்தமாக இருந்தன, எர்த் சரியாக இருந்தது. அண்ணன்மார் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற பிள்ளைகள். நானும் அப்படித்தான் கற்றேன். பழைய குழல் விளக்குக்கு அந்தப் படிப்பு போதும். சோக், ஸ்டார்ட்டர், குழல் மூன்றையும் தெரிந்துவைத்தால் வேலை நடக்கும். எல்இடிக்கு அது போதவில்லை. அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதைப் பினாங்கில் இருந்து சொல்வதில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டைக்கு 1972ஆம் ஆண்டில் வந்த முதல் எட்டு நிறுவனங்களில் லிட்ரானிக்ஸும் ஹியூலெட் பேக்கர்டும் இருந்தன. இரண்டுமே எல்இடி செய்தவை. அந்தக் காலத்தில் அது கால்குலேட்டரில் சிவப்பு எண் காட்டும் சின்னப் புள்ளி. நீல எல்இடி வந்த பிறகுதான் வெள்ளை ஒளி கைகூடியது. அதற்காகவே ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிவப்புப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துக் கம்பி இணைத்தவர்களில் நம் வீட்டு அக்காமார்களும் உண்டு. என் சின்னம்மா அப்படி வேலை பார்த்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். உலகத்துக்கு எல்இடி செய்து கொடுத்த ஊர் இது. இங்கே அதை மாட்டத் தெரியாமல் மக்கள் பணம் வீணாவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது. எல்லாருடைய கையிலும் லக்ஸ் மீட்டரைக் கொடுத்து, கட்டடத்தைச் சுற்றிவரச் சொல்வேன். ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று காட்டும் கருவி அது. ஒரு கைப்பேசி அளவுதான் இருக்கும். வீடல்லாத கட்டடங்களுக்கென நம் நாட்டில் எம்எஸ் 1525 என்ற தரநிலை இருக்கிறது. முதலில் 2001இல் வந்தது, பிறகு சில முறை திருத்தப்பட்டது. பொது அலுவலகத்துக்கு 300 முதல் 400 லக்ஸ் என்றும், நடைபாதைக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும் என்றும் அது சொல்கிறது. அடுக்குமாடி நடைபாதைக்கும் அந்த அளவை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் குடியிருப்பில் இரவில் அளந்தேன். இரட்டைக் குழல் பெட்டிக்கு நேர் கீழே தரையில் 280 லக்ஸ். அடுத்த விளக்குக்கும் இதற்கும் நடுவில், மாடிப்படி திரும்பும் முனையில், வெறும் 8. வயதானவர்கள் கால் தடுக்குகிற இடம் அந்த முனைதான். கண் கூசும் வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டில் கால் வைக்கிறார்கள். பழைய விளக்கு இருந்த அதே இடத்தில், எண்ணிக்கைக்கு எண்ணிக்கை புதியதை மாட்டினால் இப்படித்தான் ஆகும். எத்தனை விளக்கு இருக்கிறது என்று எண்ணுவதை அளவெடுப்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மேசைமேல் இரண்டு எல்இடி குழல்களை வைப்பேன். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றில் லைவ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) இரண்டும் ஒரே முனையில் வரும். மற்றதில் லைவ் ஒரு முனையில், நியூட்ரல் மறுமுனையில். முதல் வகைக்கு வயர் செய்த பெட்டியில் குழலைத் தலைமாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று கேட்பேன். பலருக்குத் தெரியாது. அந்த வகைக் குழல்கள் பலவற்றில் மறுமுனையின் இரண்டு ஊசிகளும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்திருக்கும். ஆகவே ஷார்ட் ஆகிவிடும். இரண்டாவது வகையில், மின்சாரத்தை நிறுத்தாமல் ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனையைக் கையால் பிடித்தால், அந்த ஊசியில் மின்சாரம் வரலாம். ஏணி மேல் நிற்கிறவருக்குச் சின்ன அதிர்ச்சியே போதும், விழுந்துவிடுவார். ஒருமுறை வகுப்பில் ஒரு தம்பி எழுந்து, "ஐயா, இரண்டு வருடமாக நான் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்," என்றான். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் விளக்குப் பெட்டியில் லைவ் இருக்கும் என்று டெஸ்டர் வைத்துக் காட்டினேன். அவன் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் சோக்கைக் கழற்றி வயரிங்கை மாற்றினால், "இதில் எல்இடி குழல் மட்டுமே" என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் வருவார். அவர் கையில் பழைய குழல் இருக்கலாம்.

குத்தகையாளர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்குப் பெட்டிக்குள் வயரை மாற்றுவது மின்வேலை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில் அது நடக்க வேண்டும். "பிள்ளைகளை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் ஒரு நாள் வேலை போகுமே," என்று என்னிடம் சொல்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நானும் சம்பளம் கொடுத்தவன். ஆனால் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருந்து எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்தில் பதிந்திருக்கும் நிறுவனங்கள் மாதாமாதம் லெவி கட்டுகின்றன. பயிற்சிக்கென்றே கட்டும் பணம் அது. எத்தனை பேர் அதைத் திரும்பக் கேட்கிறீர்கள்? ஐந்து முதல் ஒன்பது பேர் வரை வைத்திருப்பவர்களும் விரும்பினால் பதிந்துகொள்ளலாம். வேலையும் மாறிக்கொண்டே வருகிறது. எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் அதற்குள் வருகின்றன. அந்தக் கட்டடங்களின் பொறுப்பாளர்கள் இனி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு மின்சாரம் போனது என்று எழுத்தில் கேட்பார்கள். எழுதிக் கொடுக்கத் தெரிந்தவருக்கே வேலை கிடைக்கும். நம் பிள்ளைகள் அந்த வரிசையில் பின்னால் நிற்கக் கூடாது என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் வேலை கிடைத்தால் மட்டும் நான் முதலில் விளக்கைப் பார்ப்பதில்லை, நடு முற்றத்தைப் பார்ப்பேன். கட்டியவர்கள் வீட்டின் நடுவே வானத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் மழைக்குப் பயந்து தகரம் போட்டு மூடிவிட்டு, பகலிலும் ஆறு விளக்கு எரிக்கிறார்கள். பாரம்பரியப் பகுதியில் கட்டடத்தை இப்படி மாற்றுவதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அதை முறையாகப் பெற்று, லெபோ பசார் பக்கம் ஒரு துணிக்கடையில் அந்தத் தகரத்தில் பாதியை எடுத்து ஒளி ஊடுருவும் தகடு போட்டோம். கடைக்காரம்மா பட்டுப்புடவையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் புடவைக்கு இதுதான் நிறமா!" என்றார். விளக்கு வாங்கும்போது நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 80க்கு மேல் இருக்கிறதா, துணிக்கடை என்றால் 90 இருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கழற்றிய பழைய குழல்களைக் குப்பைத் தொட்டியில் உடைத்துப் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி பாதரசம் கலந்த கழிவு, அட்டவணையிடப்பட்ட கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவை விலைப்பட்டியலில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். 2027ஆம் ஆண்டு முடிவோடு இந்தக் குழல் விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாதா ஒப்பந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் முடிவெடுத்துவிட்டன. ஆகவே இன்னும் சில ஆண்டுகளுக்கு மாற்றும் வேலை நிறையவே வரும்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பிப் போனோம். அந்த இரண்டு தம்பிகளையும் தேடிப்பிடித்துக் கூடவே அழைத்துப்போனேன். சிவப்பு வயர்த் துண்டை மூத்தவன் கையாலேயே எடுக்கச் சொன்னேன். இரவு 7.15க்கு எரிந்து காலை 7.15க்கு அணையும்படி டைமரை வைத்தோம். நம் நாட்டில் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய அரை மணி நேரம்தான் முன்பின்னாக மாறும். அடிக்கடி திருத்த வேண்டியதில்லை. இரட்டைக் குழல் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு குழலைக் கழற்றி, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, படிக்கட்டு முனைகளில் புதிய பெட்டிகளில் மாட்டினோம். நேர் கீழே 280 இருந்த இடத்தில் இப்போது 140. முனையில் 8 இருந்த இடத்தில் 60. மூன்று மாடிகள் முடிந்திருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை நான்காம் மாடி. லக்ஸ் மீட்டரை இளையவன் வைத்திருக்கிறான், திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நன்றி, வணக்கம்.