பெட்டையளையும் 'மச்சான்' எண்டு கூப்பிடலாமோ?

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு நேர விசயத்துக்கு வாறன். கூட்டாளிமாருக்குள்ள 'மச்சான்', 'டேய்', 'ப்ரோ' எண்டு கதைக்கிறம். எல்லாம் ஆம்பிளையளுக்கெண்டு வந்த சொல்லு. உதுகளை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கும் சொல்லலாமோ? சொன்னா அது சமமா நடத்திறதோ, இல்லாட்டி மரியாதை கெட்ட கதையோ?

ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரேயடியாச் சொல்லேலாது. சொல்லுக்குச் சொல்லு விடை மாறும். ஆனா பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. அந்தச் சொல்லால ஆளைக் கூப்பிடுறியளோ, இல்லாட்டி ஆளைப் பற்றி இன்னொராளுக்குச் சொல்லுறியளோ? முதல்ல அதைப் பாருங்கோ.

"மச்சான், அந்தக் குடையை ஒருக்கா எடு." இதை ஒரு பிள்ளையைப் பாத்துச் சொன்னாலும் வசனம் உடையாது. எடு, வா, இரு எண்ட ஏவலில ஆண் பெண் எண்ட வால் கிடையாது. இப்ப இதைப் பாருங்கோ: "நேற்று ஒரு மச்சானோட பஸ்ஸில வந்தனான்." கேக்கிற ஆக்கள் நூற்றுக்கு நூறு ஒரு பெடியனைத்தான் நினைப்பினம். "மச்சான் வாறான்" எண்டு சொல்லலாம், "மச்சான் வாறாள்" எண்டு வாய் வராது. தமிழ் வினைச்சொல்லு ஆளைக் காட்டிக் குடுத்திடும். அதால எந்தக் கொச்சைச் சொல்லையும் பொதுவாக்க வேணுமெண்டால் கூப்பிடுற இடத்தோட நிப்பாட்டுங்கோ.

இங்கிலிசிலயும் உதே கதைதான். 'கைஸ்' எண்ட சொல்லு, 1605இல லண்டன் பாராளுமன்றத்துக்கு வெடிமருந்து வைக்கப்போய்ப் பிடிபட்ட கய் ஃபோக்ஸ் எண்ட ஆளின்ர பேரில இருந்து வந்தது. அவற்ற உருவப் பொம்மை, பிறகு கோலங்கெட்ட ஆம்பிளை, பிறகு எந்த ஆம்பிளையும் எண்டு போய், இப்ப "ஹாய் கைஸ்" எண்டால் எல்லாரும் அடக்கம். ஆனா "எத்தினை கைஸோட பழகியிருக்கிறீர்?" எண்டு கேட்டுப் பாருங்கோ, ஒருத்தரும் அதுக்குள்ள பெட்டையளை எண்ண மாட்டினம்.

சரி, மச்சானுக்கு வருவம். இதுதான் கனக்கச் சிக்கலுள்ள சொல்லு. எங்கட முறையில மாமான்ர பிள்ளையும் மாமியின்ர பிள்ளையும் மச்சான், மச்சாள். கலியாணம் செய்யக்கூடிய முறை. சின்னம்மா, பெரியம்மான்ர பிள்ளையள் அண்ணை தங்கச்சி முறை, அங்க இந்தச் சொல்லு வராது. பெடியனும் பெடியனும் மச்சான் எண்டு கூப்பிடேக்க அந்த முறை பகிடியாக் கரைஞ்சு போகுது. பெட்டையும் பெட்டையும் சொன்னாலும் அப்பிடித்தான், யாழ்ப்பாணக் கம்பஸ் பக்கம் பரமேஸ்வராச் சந்தியில ஒரு பின்னேரம் நிண்டால் தாராளமாக் கேக்கும். பிழைக்கிறது எங்க எண்டால், ஒரு பெட்டை ஒரு பெடியனை மச்சான் எண்டு கூப்பிடேக்க. அங்க பழைய முறை திரும்பி உயிர் வந்திடும். பக்கத்தில ஒரு மாமி நிண்டால் கணக்குப் போடத் தொடங்கியிடுவா, அவவில பிழையில்லை, சொல்லின்ர இயல்பான கருத்தே அதுதானே.

கொழும்பில சிங்களப் பிள்ளையள் ஆண் பெண் பாக்காமல் 'மச்சங்' எண்டு கூப்பிடுறதைப் பாத்திட்டு, "அங்க சரியெண்டால் இஞ்ச ஏன் பிழை?" எண்டு கேக்கிறவை இருக்கினம். அது எங்கட தமிழ்ச் சொல்லுத்தான், போய்ச் சேர்ந்தது. ஆனா சிங்களத்தில அந்த உறவுக்கு 'மஸ்ஸினா' எண்டு வேற சொல்லு ஏற்கெனவே இருக்கு. அதால மச்சங் உறவுச் சுமை இல்லாமல் வெறும் கூட்டாளிச் சொல்லா நிக்குது. இஞ்ச ஒரே சொல்லு ரெண்டு வேலையும் பாக்குது. கொழும்பு ஒஃபிசில ஒட்டுற பழக்கத்தை அப்பிடியே நல்லூரில கொண்டந்து இறக்கேலாது.

'மச்சி' இன்னும் பகிடி. சென்னைப் பெடியளுக்கு அது மச்சான்ர செல்லச் சுருக்கம். அகராதியைத் திறந்தால் மச்சி எண்டது பொம்பிளை, மச்சாள் முறை. எங்கட முஸ்லிம் ஆக்களும் அப்பிடித்தான் பாவிக்கினம். அதால ரெண்டு பேருக்கும் பொதுவாப் பாவிக்கிறதெண்டால் மச்சி கொஞ்சம் லேசு. ஆனா படம் பாத்துப் படிச்ச மாதிரித்தான் கேக்கும்.

அடுத்தது டா, டி. இதில ஆண் பெண்ணை விடப் படிதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில முன்னால நிக்கிற ஆளுக்கு மூண்டு படி: நீ, நீர், நீங்கள். டா நீயோட மட்டும்தான் ஒட்டும். "நீ எப்ப வந்தனி, சொல்லடா" சரி. ஒரே ஆளைப் பாத்து "நீங்கள் எப்ப வந்தனீங்கள்டா" எண்டால் ஒரு காலைப் படியில வைச்சு மற்றக் காலை முத்தத்தில வைச்ச மாதிரி. கூட்டத்துக்கெண்டால் பரவாயில்லை, "எல்லாரும் ஓடுங்கோடா" எண்டு பெடி பெட்டையள் கலந்த வகுப்புக்கும் சொல்லலாம். "ஓடுங்கோடி" எண்டால் அங்க ஒரு பெடியனும் நிக்கக் கூடாது.

மேல இருந்து கீழ பாசமா வரேக்க டா ஆண்தன்மையை விட்டிடும். அப்பா மகளைப் பாத்து "என்னடா, சாப்பிட்டியோ?" எண்டால் அது செல்லம். 'ராசா'வும் அப்பிடி, 'மோனை'யும் அப்பிடி. மகன் எண்ட சொல்லில இருந்து வந்த மோனையை ஆச்சிமார் பேத்திக்கும் சொல்லுவினம். தனிய நிண்டு அலுத்துக்கொள்ளுற பொம்பிளையும் "என்னடா வாழ்க்கை இது" எண்டுதான் சொல்லுவா, "என்னடி வாழ்க்கை" எண்டு சொல்லமாட்டா.

சம வயதில எப்பிடி? சொந்தமில்லாத பெடியன் ஒரு பிள்ளையை 'டி' எண்டால், ஒண்டில் உரிமை கொண்டாடுறான், இல்லாட்டி ஏசுறான். ரெண்டும் தோதுப்படாததாலதான் கனபேர் 'டா'வுக்கு ஓடுகினம். "எனக்கு நீ கூட்டாளி, வேற நினைப்பில்லை" எண்ட அறிவிப்பு அதுக்குள்ள இருக்கு. அந்தளவில அது வேலை செய்யுது. ஆனா இதைச் சமத்துவம் எண்டு பெரிசாச் சொல்லுறவைக்கு ஒரு கேள்வி: திருப்பிப் போட்டுப் பாத்தனீங்களோ? பெடியனை 'டி' எண்டால் அது நக்கல், சிலவேளை அடிபிடி. ஆம்பிளைச் சொல்லுப் பொம்பிளைக்குப் பதவி உயர்வு, பொம்பிளைச் சொல்லு ஆம்பிளைக்கு அவமானம். அப்பிடியெண்டால் தராசு இன்னும் கோணல்தான். அந்தச் சொல்லை விடச் சொல்லி நான் கேக்கேல்லை, அதுக்குச் சமத்துவம் எண்டு பேர் வைக்காதேங்கோ.

உண்மையில ஆம்பிளைச் சொல்லை இழுத்து நீட்ட வேண்டிய தேவையே எங்களுக்குக் குறைவு. 'நீர்' இருக்கு. "வாரும்", "இரும்", "சொல்லும்" எண்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முடிவு. அதோட ஒட்டுறதுக்கு 'ஐசே' இருக்கு: "ஐசே, நில்லும், நானும் வாறன்." வயது போனாக்கள் 'காணும்' எண்டும் சேர்ப்பினம்: "சும்மா இரும் காணும்." எங்களை விட மூத்த, நெருங்கின ஆக்களுக்கு 'அணை': "சொல்லணை", "இல்லையணை", ஐயாவுக்கும் சரி ஆச்சிக்கும் சரி. 'அப்பா'வைப் பாருங்கோ, அசல் ஆம்பிளைச் சொல்லு. ஆனா "என்னப்பா, விடுங்கோப்பா" எண்டு மனுசனும் மனுசியும் மாறி மாறிச் சொல்லேக்க ஒருத்தரும் தகப்பனை நினைக்கிறதில்லை. ஆம்பிளைச் சொல்லொண்டு முழுசாப் பொதுவான இடம் எண்டால் அதுதான். நீருக்கு மட்டும் ஒரு கவனம்: மூத்த ஆளுக்குப் பாவிச்சால் மரியாதைக் குறைவு. ஒரு பிள்ளையோட கதைக்கேக்க நீங்களில இருந்து திடீரெண்டு நீருக்கு இறங்கினால், அந்தப் பிள்ளை அதை நெருக்கம் காட்டுறதா எடுக்கும்.

இது புதுப் பிரச்சினையுமில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின்ர பொருளியலில, நட்புரிமையோட கூப்பிடுற ஒரு பொதுச்சொல்லு ஆண் பெண் ரெண்டு பேருக்கும் உரியதெண்டு ஒரு சூத்திரம் இருக்கு. உரைகாரர் காட்டுற சொல்லு 'எல்லா'. தோழனுக்கும் எல்லா, தோழிக்கும் எல்லா. அந்தப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோட 1885இல அச்சில கொண்டந்தவர் எங்கட சிறுப்பிட்டிச் சி.வை. தாமோதரம்பிள்ளை.

ப்ரோவுக்கு நிறையச் சொல்லத் தேவையில்லை. உறவு முறையும் இல்லை, படியும் இல்லை. இருபது வயதுக்காரருக்குள்ள ஓடும். கடையில நிக்கிற அக்காவுக்குச் சொன்னால் "ஆரைத் தம்பி கேக்கிறீர்?" எண்டு திரும்பிப் பாப்பா.

கவனிக்க வேண்டிய ரெண்டு இடம் மிச்சம். திருநங்கை ஒராளோட கதைக்கேக்க, "நான் எல்லாரையும் டா தான்" எண்ட சாட்டு எடுபடாது. பெடியன் எண்டு சொல்லிச் சொல்லியே நோகப் பண்ணின சொல்லு அது. நீரோ நீங்களோ பாவியுங்கோ, அவ தானே ஒரு சொல்லைத் தந்தால் அதைப் பிடியுங்கோ. திருநம்பிக்கு மறுவளமா, 'டா' சந்தோசமாயும் இருக்கலாம், ஆனா அதையும் அவர்தான் தொடங்க வேணும்.

மற்றது வட்ஸ்அப். குரலில பாசமாக் கேக்கிற "எங்கடா நிக்கிறாய்" எழுத்தில அதட்டலா நிக்கும். ஆண் பெண் கலந்த குறூப்பில "மச்சான்மார், நாளைக்கு வாங்கோ" எண்டு போட்டால் பெட்டையள் தங்களைக் கேக்கேல்லை எண்டு வராமல் விடுவினம், ஏனெண்டால் 'மார்' போட்ட உடன அது கூப்பிடுற சொல்லாயில்லை, ஆக்களின்ர தொகையாப் போச்சு. "எல்லாரும் வாங்கோ" எண்டு எழுதுங்கோ, சோலி முடிஞ்சுது.