ராடில் எழுதியிருக்கும் 1500 வாட் எப்போது உண்மை?

வணக்கம் நண்பர்களே! சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டது, எங்கள் தெருவில் வழக்கம்போல லோ வோல்டேஜ். இன்றைய வீடியோவுக்கு எனக்கு இதுதான் வேண்டும். பக்கெட்டில் 15 லிட்டர் தண்ணீர், அதற்குள் ஹீட்டர் ராடு. ராடின் தலையில் 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கிறது. இப்போது அந்த 1500 வாட் கிடைக்கிறதா என்று அளந்து பார்த்துவிடலாம்.

முதலில் மின்னழுத்தம். மல்டிமீட்டர் 190 வோல்ட் காட்டுகிறது.

மின்னோட்டத்துக்கு கிளாம்ப் மீட்டர், அதாவது வயரை வெளியிலிருந்து கவ்வி ஆம்பியரை அளக்கிற கருவி. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். கிளாம்பின் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். முழு கேபிளையும் கவ்வ வைத்தால் பூஜ்யம்தான் வரும். பேஸில் போகிற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டமும் சமம், திசை மட்டும் எதிரெதிர். அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதற்காகவே பேஸ் வயர் மட்டும் தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு இணைப்பு வயர் செய்து வைத்திருக்கிறேன். சரி, 5.4 ஆம்பியர்.

கிளாம்ப் மீட்டர் இல்லையே என்று மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகி, பிளக் பாயிண்டுக்குள் விட்டுவிடாதீர்கள். அந்த வழியில் மின்தடை கிட்டத்தட்ட இல்லை, நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

இப்போது கணக்கு. மின்தடை வேண்டுமென்றால் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்க வேண்டும்: 190 வகுத்தல் 5.4, சுமார் 35 ஓம். திறன் வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 190 பெருக்கல் 5.4, சுமார் 1026 வாட். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது!

ராடில் கோளாறு எதுவும் இல்லை. 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் ஓடும். வகுத்துப் பாருங்கள், அதே 35 ஓம்தான் வருகிறது. உள்ளே இருக்கிற நிக்ரோம் கம்பியின் மின்தடை பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைகிறது, இரண்டையும் பெருக்கும்போது அடி இரண்டு முறை விழுகிறது. மின்னழுத்தம் 17 சதவீதம் குறைந்ததற்குத் திறன் 32 சதவீதம் போனது இதனால்தான். 28 டிகிரியில் இருக்கிற இந்தத் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர, 1500 வாட்டில் 12 நிமிடம் போதும். இப்போது 17 நிமிடம் ஆகும். கரண்ட் பில் மிச்சம் என்று நினைக்காதீர்கள், தண்ணீருக்கு வேண்டிய வெப்பம் அதேதான்.

இதே கணக்கைப் பழைய குண்டு பல்பில் போட்டால் வேறு கதை. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைத்து, ஆறவிட்டு, கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சூடேற ஏற டங்ஸ்டன் இழையின் மின்தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. அதனால் பல்பை எரியவிட்டுத்தான் வோல்ட்டும் ஆம்பியரும் எடுக்க வேண்டும்.

அப்புறம், ஃபேனுக்கும் மோட்டாருக்கும் இப்படி நேராகப் பெருக்கி வாட் என்று சொல்ல முடியாது. அங்கே பவர் ஃபேக்டர் குறுக்கே வரும், அதாவது பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு நிஜமான வாட் என்கிற விகிதம். அடுத்த வீடியோவில் ஒரு வாட் மீட்டரை வைத்து அதை அளப்போம்.