பென்சில் பெற்ற பிள்ளை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மிக்கி மவுசைப் படைத்தவர் வால்ட் டிஸ்னியா, அப் ஐவெர்க்ஸா? வால்டிடம் வேலை பார்த்த ஓவியர் ஐவெர்க்ஸின் பக்கம் நான். பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் இருவர், 'யார் அவர்?' என்று முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். என் வழக்கே அதுதான் ஐயா!

எதிரணித் தோழியார் ரயில் கதையை உருக்கமாகச் சொன்னார். 1928இல் நியூயார்க்கில் ஆஸ்வால்டு என்ற கார்ட்டூன் முயலை விநியோகஸ்தரிடம் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், ரயிலிலேயே வால்டின் மனத்தில் எலி பிறந்ததாம். மார்டிமர் என்று அவர் பெயர் வைக்க, மனைவி லிலியன் மிக்கி என்று மாற்றினாராம். இந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர் யார்? வால்ட்தான். வாதியே சாட்சிக் கூண்டிலும் ஏறினால் எப்படி?

நான் ஐவெர்க்ஸின் வரைமேசையைக் காட்டுகிறேன். ஆஸ்வால்டை வரைந்துகொண்டிருந்த ஓவியர்களில் பெரும்பாலோர் விநியோகஸ்தர் மின்ட்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஐவெர்க்ஸ் சாயவில்லை. விலகப்போகிறவர்கள் ஒப்பந்த வேலையை முடிக்க அதே ஸ்டூடியோவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் மிக்கியை வரைய வேண்டும். யாராவது வந்தால் மூடிவைக்க முயல் படங்களைக் கையருகே வைத்துக்கொண்டே எலியை வரைந்தார் மனிதர். மிக்கிக்காக முதலில் வரைந்த 'பிளேன் கிரேஸி' படத்துக்காக நாளொன்றுக்குச் சுமார் 700 படங்கள் வரைந்தார் என்கிறார்கள். பத்து மணி நேர வேலை என்றே வையுங்கள்: மணிக்கு எழுபது. நான் கையெழுத்துப் போடவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

உருவத்தைப் பாருங்கள். தலை வட்டம், உடல் வட்டம், காது இரண்டும் வட்டம். முயலின் நீண்ட காதைக் குறுக்கி, குட்டை வாலை நீட்டியது போன்ற அமைப்பு. எலி எந்தப் பக்கம் திரும்பினாலும் காது வட்டமாகவே இருக்கும். வேகமாக வரைய வேண்டிய கைக்குத்தான் இந்தத் தந்திரம் தோன்றும்.

'குரல் கொடுத்தவர் வால்ட்' என்றார் தோழியார். உண்மை, பல ஆண்டுகள் கொடுத்தார். ஆனால் குரல் கொடுத்தவரே பெற்றவர் என்றால், நம் கதாநாயகிகள் பலருக்குத் தாயைத் தேடி டப்பிங் அரங்குக்குத்தான் போக வேண்டும்! ஒலிப்படம்தான் எதிர்காலம் என்று துணிந்து பணம் போட்டது வால்ட்; மறுக்கவில்லை. அது வளர்த்தவரின் பெருமை.

தோழியாரின் கூர்மையான அம்பு ஒன்று உண்டு. 1930இல் ஐவெர்க்ஸ் பிரிந்துபோய் ஃபிளிப் என்ற தவளையைப் படைத்தாரே, அது ஏன் மிக்கிபோல் ஓடவில்லை? நல்ல கேள்வி. இரண்டாவது பிள்ளை தேறவில்லை என்பதற்காக முதல் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரை அழிப்பார்களா? அழித்தார்கள் ஐயா. மிக்கியைப் படைத்ததற்கென்று 1932இல் சிறப்பு ஆஸ்கர் தந்தபோது மேடையில் ஒரே பெயர்தான் ஒலித்தது.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் ஓடிய மிக்கி படம் 'ஸ்டீம்போட் வில்லி'யின் தலைப்பு அட்டையை ஒருமுறை படியுங்கள். 'வால்ட் டிஸ்னி காமிக்' என்று எழுதி, அதையடுத்து 'ஆக்கம்: அப் ஐவெர்க்ஸ்' என்ற பொருளில் போட்டிருக்கிறார்கள். அட்டை வால்டின் சொந்த ஸ்டூடியோ போட்டது.